181-ஐ அழைத்த பிறகு என்ன நடக்கும்? டெல்டாவில் குடும்ப வன்முறைக்கு உதவி தேடுவது எப்படி

குடும்ப வன்முறை பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கடைசி வரியில் "பாதிக்கப்பட்டவர்கள் 181-ஐ அழைக்கலாம்" என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். அழைத்தால் யார் எடுப்பார்கள், போலீஸ் உடனே வாசலில் வந்து நிற்குமா, ஊருக்கே தெரிந்துவிடுமா, கணவனை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டால் அப்புறம் பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது, இதெல்லாம் அந்த வரியில் கிடையாது. அது தெரியாததால்தான் கையில் எண் இருந்தும் பலர் அழைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் கோயில் அடிமனையில் வீடு, குறுவைச் செலவுக்கு அடகு போன நகை, இரண்டு மாவட்டங்களுக்கு நடுவில் குறுக்கிடும் காரைக்கால் என்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் சிக்கல்கள் வேறு மாதிரி வரும். அதை வைத்தே பார்ப்போம்.

சட்டம் எதை வன்முறை என்கிறது?

அடிப்படைச் சட்டம் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அது நான்கு வகை வன்முறையைச் சொல்கிறது.

1. உடல் வன்முறை. இதற்கு விளக்கம் தேவையில்லை.

2. பாலியல் வன்முறை. கணவனே செய்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

3. சொல்லாலும் மனத்தாலும் செய்யும் வன்முறை. குழந்தை இல்லை, ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக் காட்டுவதைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

4. பொருளாதார வன்முறை. பலர் இதை வன்முறைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டைக் கணவன் தன் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது, நடவுக் கூலியை வாங்கிக்கொண்டு அரிசிக்குக்கூடக் காசு தராதது, அவள் பெயரில் குழுக் கடன் வாங்க வைத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு வாரத் தவணையை அவள் தலையில் கட்டுவது, சீதன நகையைத் திருப்பித் தராதது எல்லாம் இந்த வகையில் சொல்லக்கூடியவை.

மனைவிக்கு மட்டும் உள்ள சட்டம் என்று நினைக்க வேண்டாம். மகன் அடிக்கும் தாய், அண்ணன் வீட்டில் மிதிபடும் தங்கை, கணவன் இறந்ததும் மாமனார் வீட்டிலிருந்து விரட்டப்படும் மருமகள், பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்ந்த பெண் என எல்லோரும் கேட்கலாம். எதிர்த்தரப்பு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பையும் 2016-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. கொடுமை செய்வது மாமியார் என்றாலும் மனு போடலாம்.

குழப்பத்தின் வேர்: இரண்டு தடங்கள்

புகார் என்றால் போலீஸ், போலீஸ் என்றால் கேஸ், கேஸ் என்றால் குடும்பம் முறிந்தது, இப்படித்தான் நம் ஊரில் கணக்கு ஓடுகிறது. சட்டத்தில் இவை தனித்தனி தடங்கள்.

முதல் தடம் தண்டனை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு, அதாவது பழைய 498ஏ. கணவனோ அவன் உறவினரோ கொடுமை செய்தால் 3 ஆண்டு வரை சிறை. காவல் நிலையம், எப்.ஐ.ஆர்., கைது, விசாரணை எல்லாம் இங்கே வரும்.

இரண்டாவது தடம் பாதுகாப்பு. 2005-ம் ஆண்டுச் சட்டம் இதைச் சேர்ந்தது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனு போட்டு "என்னை அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, மாதச் செலவுக்குப் பணம் தர வேண்டும், பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும்" என்று உத்தரவு வாங்குவது. மனு போட்டதற்காக யாரும் கைதாக மாட்டார்கள். விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை, அதே வீட்டில் இருந்துகொண்டே கேட்கலாம். உத்தரவு வந்த பிறகு அதை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், ஒன்றை மட்டும் எடுக்கலாம், இன்று ஒன்று அடுத்த மாதம் மற்றொன்று என்றும் போகலாம். அதனால் "எங்கே புகார் கொடுப்பது" என்று ஆரம்பிப்பதைவிட, இன்று ராத்திரிக்கு என்ன வேண்டும், இந்த வாரத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் போக வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

எண்கள்: எது எதற்கு

- இப்போதே அடி விழுகிறது, கதவைப் பூட்டிவிட்டான்: 112 அல்லது 100. போலீஸ் வண்டி வர வேண்டிய நேரத்துக்கு உரியது இது.
- என்ன செய்வதென்றே தெரியவில்லை, யாரிடமாவது பேச வேண்டும், தங்க இடம் வேண்டும்: 181. நாள் முழுக்க இயங்கும் மகளிர் உதவி எண், தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கியது.
- பாதிக்கப்பட்டது குழந்தை: 1098.
- முதியவர்: 14567.
- வக்கீல் வேண்டும்: 15100.
- படத்தை வைத்து மிரட்டுகிறான், ஆன்லைனில் பணம் பறித்துவிட்டான்: 1930.

181-ல் எடுப்பவர் முதலில் கேட்பது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், இப்போது ஆபத்து இருக்கிறதா என்பதைத்தான். அதைப் பொறுத்துப் போலீசுக்கோ, ஆம்புலன்சுக்கோ, உங்கள் மாவட்டத்தின் சேவை மையத்துக்கோ இணைப்பார்கள். அழைத்துப் பேசியதாலேயே வழக்கு பதிவாகிவிடாது. குழந்தை மீதான பாலியல் குற்றம் மட்டும் விதிவிலக்கு. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

தரங்கம்பாடி, நாகூர்ப் பக்கம் காரைக்கால் எல்லையை ஒட்டி இருப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே மாவட்டப் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லிவிடுங்கள். காரைக்கால் டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு புதுச்சேரிக்குப் போகலாம்.

ஒருங்கிணைந்த சேவை மையம்

'சகி' என்றும் சொல்வார்கள். 2015 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், நிர்பயா நிதியில் நடக்கிறது. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, மனநல ஆலோசனை, சட்ட ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ், இலவசமாக. மருத்துவமனை வளாகத்திலோ அதிலிருந்து 2 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும் என்பது திட்ட விதி, ஆகவே மாவட்டத் தலைநகரின் அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இங்கே தங்குவது 5 நாள் வரைதான். பலரும் இது தெரியாமல் வந்து ஆறாம் நாள் திகைக்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் 'சக்தி சதன்' போன்ற இல்லங்களுக்கோ, சமூகநலத் துறையின் அரசு சேவை இல்லத்துக்கோ மாற்ற வேண்டும், அதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. வேலைக்குப் போகிறவர் என்றால் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அரசின் தோழி விடுதி இருக்கிறது. ஆண் பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள வயது வரம்பு உண்டு, கிளம்பும் முன் போனில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார்

இந்தச் சட்டத்தில் ஆக முக்கியமான ஆள் இவர்தான், ஆனால் இப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. சமூகநலத் துறையின் கீழ் மாவட்டத்துக்கு ஒருவர், ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட சமூகநல அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போனால் பார்க்கலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நீண்ட வரிசையில் நின்று ஆட்சியர் கையில் மனு கொடுப்பவர்கள் உண்டு. அந்த மனு சுற்றிக் கடைசியில் வந்து சேர்வது இதே அலுவலகத்துக்குத்தான், நேராகவே போய்விடலாம்.

அவர் செய்ய வேண்டியவை:

1. நீங்கள் சொல்வதைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்புவது. எப்போது அடித்தான், யார் இருந்தார்கள், நகை எங்கே, பணம் எங்கே என்று எல்லாம் இதில் வரும். பிரதி உங்களுக்கு இலவசம்.

2. நடுவர் நீதிமன்றத்தில் மனு போட உதவுவது.

3. தங்குமிடத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பி வைப்பது, இலவச வக்கீலுக்கு ஏற்பாடு செய்வது.

4. உத்தரவு வந்தபின் அது நடக்கிறதா என்று பார்ப்பது.

பக்கத்து வீட்டுக்காரரும் இவருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்த தகவலுக்காக அவர் மீது வழக்கு வராது என்று சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது.

மனு போட்டால் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தின் கணக்கு. நடப்பில் இழுத்துக்கொண்டே போகும், இதை மறைப்பதில் பயனில்லை. அதனால்தான் 23-வது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவை முதல் மனுவோடு சேர்த்தே கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு வராமலேயே கூட நடுவர் அதைத் தர முடியும். வக்கீல் இதைச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். அவர்கள் நியமிக்கும் வக்கீல் உங்களிடம் ஃபீஸ் கேட்கக் கூடாது.

மகளிர் காவல் நிலையத்தில் எதை எதிர்பார்க்கலாம்

அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992-ல் தொடங்கின. டெல்டாவில் கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி போன்ற ஊர்களிலும் உண்டு. போனதும் எப்.ஐ.ஆர். போடுவார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மனுவை வாங்கி, எதிர்த்தரப்பை வரச்சொல்லி, "ஏம்மா, குடும்பம்னா நாலும்தான் இருக்கும், பிள்ளைங்க முகத்தப் பாரு" என்று பேசி அனுப்புவதுதான் பெரும்பாலும் முதல் கட்டம். கணவன் மனைவி தகராறில் முதலில் விசாரித்துவிட்டு வழக்குப் பதிய உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் இடம் கொடுத்தது. அந்த இடம் சில நேரம் மாதக்கணக்கில் நீள்கிறது, அதுதான் பிரச்சினை.

நீங்கள் கவனிக்க வேண்டியது:

1. மனு கொடுத்தால் ரசீது தருவார்கள், சி.எஸ்.ஆர். என்பார்கள். அது இல்லாமல் வெளியே வராதீர்கள். நாளைக்கு "இவள் அப்போதே ஏன் சொல்லவில்லை" என்று கோர்ட்டில் கேட்டால் பதில் அந்தச் சீட்டுதான்.

2. "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கினால் அதற்கும் ஒரு நகல். சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டதால் பிற்பாடு அடி விழும்போது புகார் தரும் உரிமை போய்விடாது. ஊர்ப் பஞ்சாயத்தில், மீனவர் பஞ்சாயத்தில் எழுதிய முச்சலிக்காவுக்கும் (உறுதிமொழிச் சீட்டு) இதே கதைதான், சட்டத்தைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை.

3. "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு நாகப்பட்டினத்துக்குத் தாய் வீடு திரும்பிய பெண்ணுக்கு இது பெரிய விஷயம். 2005-ம் ஆண்டுச் சட்ட மனுவையும் நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம்.

4. பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லை என்றால் நடுவரிடம் போகலாம். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம்

காயத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். என்பார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்பார். கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு "கொல்லையில வழுக்கி விழுந்துட்டா" என்று சொல்ல, இவளும் தலையை ஆட்ட, டாக்டர் அதையே எழுதிவிடுவார். ஆறு மாதம் கழித்து வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அந்தச் சீட்டைத்தான்.

அதனால் தனியாகப் பேச வேண்டும் என்று நர்சிடம் கேளுங்கள். யார், எதனால், எந்த நேரத்தில், எங்கே அடித்தார் என்று சொல்லி அப்படியே பதியச் சொல்லுங்கள். பாலியல் வன்முறை என்றால் அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனடியாக இலவசச் சிகிச்சை தர வேண்டும், மறுப்பது குற்றம்.

"பட்டா என் பேர்ல இருக்கு, வெளியே போ"

இந்த மிரட்டலுக்குப் பயந்துதான் பலர் வாய் திறப்பதில்லை. சட்டம் சொல்லும் 'பகிர்ந்து வாழ்ந்த வீடு' என்பதற்கு வீடு யார் பெயரில் என்பது பொருட்டில்லை. வாடகை வீடும் சேரும். மாமனார் பெயரில் உள்ள வீடும் சேரலாம் என்று 2020-ல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோயில் நிலத்தில் அடிமனை வாடகை கட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம், அங்கே பட்டாவே கிடையாது. அதனால் மருமகளுக்கு உரிமை இல்லாமல் போகாது, ஏனென்றால் அவள் கேட்பது வீட்டின் சொத்துரிமையை இல்லை, குடியிருக்கும் உரிமையை. தேவைப்பட்டால் அடிப்பவனை வெளியேறச் சொல்லவோ, அவளுக்கு வேறு வீடு பிடித்து வாடகை கட்டச் சொல்லவோ நடுவரால் முடியும்.

நகையும் வருமானமும்

நகையைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவும் இதே மனுவில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால் டெல்டாவில் பொண்டாட்டி நகை குறுவைக்கு ஒருமுறை, சம்பாவுக்கு ஒருமுறை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்வரும், கடன் கணவன் பெயரில் இருக்கும். அடகுச் சீட்டைக் கண்டால் உடனே போட்டோ எடுத்து நம்பிக்கையானவருக்கு அனுப்பி வையுங்கள். கல்யாணப் போட்டோவில் கழுத்தில் தெரியும் நகையும், வாங்கிய கடை பில்லும் அடுத்த ஆதாரங்கள்.

ஜீவனாம்சம் கேட்டால் விவசாயக் கணவன் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வெள்ளத்துல எல்லாம் போச்சு, வருமானமே இல்ல." சம்பளச் சீட்டு இல்லாததால் அது நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. அப்புறம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். எத்தனை மூட்டை, எப்போது, எவ்வளவு என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. சிட்டா, அடங்கலில் நிலத்தின் அளவும் பயிரும் இருக்கும். சர்வே எண் தெரிந்தால் சிட்டாவை ஆன்லைனிலேயே எடுக்கலாம். கணவன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால், அவன் அனுப்பிய பணத்தின் விவரத்தை வங்கியிலிருந்து எடுத்து வையுங்கள். மனுவை இங்கேயே போடலாம், இங்கே இருக்கும் மாமனார் மாமியாரையும் அவர்கள் பங்குக்கு ஏற்றபடி சேர்க்கலாம்.

மற்றவர்கள்

ஆண்கள் 2005-ம் ஆண்டுச் சட்டத்தில் உதவி கேட்க முடியாது. ஆண் குழந்தைகளுக்கு போக்சோ பொருந்தும், அதில் ஆண் பெண் பேதமில்லை. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும்.

முதியோருக்கு 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மனு கோட்டாட்சியரிடம். வக்கீல் தேவையில்லை. பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதிக் கொடுத்த நிலத்தை, மகன் சோறு போடாவிட்டால் அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். எழுதும்போதே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

கிளம்பும் முன்

வீட்டை விட்டு வர முடிவு செய்துவிட்டால், ஒரே நாளில் எல்லாம் எடுக்க முடியாது என்றால் முதலில் எடுக்க வேண்டியவை:

1. ஆதார், குடும்ப அட்டை, வங்கி பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று. கல்யாணம் பதிவாகவில்லை என்றால் பத்திரிகையும் போட்டோவும்.

2. சாப்பிடும் மாத்திரை, தடுப்பூசி அட்டை.

3. கையில் காசு இல்லை என்று நிற்க வேண்டாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு பஸ் மாறினாலும் மாவட்டத் தலைநகரை நெருங்கிவிடலாம். சீர்காழிக்காரர்கள் நாகப்பட்டினம் போக வேண்டியதில்லை. 2020 டிசம்பர் முதல் ஆட்சியர் அலுவலகம் மயிலாடுதுறையில்தான்.

4. போன். 181-ஐ அழைத்த பதிவை அழியுங்கள். இதைவிடப் பெரிய ஓட்டை ஆதாரில் இருக்கிறது. பல வீடுகளில் மனைவியின் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்திருப்பது கணவனின் எண். அவள் எங்கே போய் எந்த விண்ணப்பம் போட்டாலும் ஓ.டி.பி. அவன் போனுக்குப் போகும், உரிமைத் தொகையை எடுத்தாலும் குறுஞ்செய்தி அவனுக்குப் போகும். ஆதார் மையத்திலோ, ஆதார் சேவை உள்ள தபால் நிலையத்திலோ நேரில் போய்க் கைரேகை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு வங்கிக் கிளையில் தனியாக எழுதிக் கொடுத்து அங்கேயும் மாற்றுங்கள். ஆதாரில் மாற்றியதால் வங்கியில் தானாக மாறாது.